ஸ்டூல் வந்தது, உட்கார்ந்தது யார்?

தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் 27 வருஷம் துணி அளந்து கிழித்துக் கொடுத்த தொழிலாளி ஒருவர், 2024-ம் ஆண்டு தீபாவளி கழிந்த பத்தாம் நாள் காலமானார். வயது 46. இரவு பத்தரை மணிக்குக் கடை அடைத்த பிறகு சைக்கிளில் வீடு வந்து, சாப்பிட்டுப் படுத்தார். விடிந்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அவர் நமது நண்பர். 1998 முதல் 2002 வரை அதே கடையில், அதே மேஜைக்குப் பின்னால், அவர் பக்கத்தில் நின்று நாமும் துணி கிழித்தோம். அவர் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் இன்றும் அந்தக் கடைத்தெருவில்தான் பிழைக்கிறாள். ஒரு தொழிலாளி செத்த பிறகும் அவன் பெயரைச் சொல்ல அவன் குடும்பம் அஞ்ச வேண்டியிருக்கிறது. நமது கடைத்தெருக்களின் நிலைமை என்ன என்பதற்கு இது ஒன்றே போதும்.

மில் தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! "ஒரு கடைச் சிப்பந்தியின் சாவுக்கு நமது ஏட்டில் இத்தனை இடமா? மில்லிலும் வயலிலும் நடப்பதை எழுதவே இடம் போதவில்லையே!" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் தப்பில்லை. அதே கேள்வியை நாமே இருபது வருஷம் நமக்குள் கேட்டுக் கொண்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

துணி கிழிக்கக் கற்றுக் கொடுத்தவர்

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, 16-வது வயதில் அந்தக் கடையில் சேர்ந்தோம். சம்பளம் மாதம் 600 ரூபாய். அவர் நமக்கு ஒரு வருஷம் முந்தியே சேர்ந்திருந்தார். கம்பம் ரோட்டில் ஒரு கிராமம். தாயும் தகப்பனும் நாற்று நட்டுக் கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். அவரை நாம் 'அண்ணே' என்போம். அவர் நம்மைத் 'தம்பி' என்பார்.

வேலை அவரிடம்தான் படித்தோம். சுருளை மேஜையில் உருட்டிப் பிரிப்பது, மீட்டர் கம்பியில் இழுத்துப் பிடிக்காமல் அளப்பது, கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு இரு கையாலும் நேர் கோடாகக் கிழிப்பது - எல்லாம் அவர் கற்றுக் கொடுத்ததுதான். "துணியை இழுத்து அளந்தா கடைக்கு லாபம், எடுக்கிறவங்களுக்கு ரெண்டு விரக்கடை நட்டம். அதைச் செய்யாதே தம்பி" என்பார்.

கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பாளி மக்கள் எப்போது துணி எடுக்கிறார்கள்? முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் அறுப்பு முடிந்து கூலி கைக்கு வரும்போது எடுக்கிறார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எடுக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எடுக்கிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற பெண்கள் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில் வருவார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்து மில் தொழிலாளிக்குப் போனஸ் கிடைத்தால் அன்று மாலையே கடை நிரம்பும்.

அதாவது, உங்களுக்கு லீவு நாள் என்றால் கடைச் சிப்பந்திக்கு வேலை இரட்டிப்பு. உங்கள் வீட்டுத் திருநாள் அவருக்கு நின்றே கழிகிற நாள்.

ஏலத்தோட்டத்துப் பெண்கள் வந்தால் அவர் தனிக் கவனத்தோடு நிற்பார். மினுமினுப்பான துணியைக் காட்டி விலை ஏற்றுகிறவருக்குத் தனியாகக் கமிஷன் உண்டு. அவர் அதற்கு ஆசைப்பட மாட்டார். உழைக்கிற துணியாக, சாயம் போகாத துணியாக எடுத்துப் போடுவார். "அட்டைக்கடி பட்டு வந்த காசு தம்பி. ரெண்டு துவைப்புல போற துணியை அவங்க தலையில கட்டாதே" என்று ரகசியமாகச் சொல்வார். உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் அவர் கை கிழித்த துணி இருந்திருக்கும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் காசு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பேர் சங்கம்

காலை ஒன்பதரைக்கு மேஜைக்குப் பின்னால் நின்றால் இரவு பத்தரைக்குத்தான் வெளியே வரலாம். சாப்பாட்டுக்கும் டீக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்தால், 12 மணி நேரம் நின்றபடி வேலை. தீபாவளிச் சமயத்தில் நடுநிசி தாண்டும். கூட்டம் இல்லாத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது. ஆள் இல்லாத கடையில் சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் 'வியாபாரம் படுத்துவிடும்' என்பது முதலாளியின் சாஸ்திரம். உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைய படி கிடையாது.

நாம் சேர்ந்த முதல் வாரத்திலேயே கால் வீங்கிவிட்டது. அவர்தான் ஒரு வழி சொன்னார். கடைக்குப் பின்னால் குடோனில் துணிக் கட்டுகள் அடுக்கியிருக்கும். "நீ போய் அஞ்சு நிமிசம் கட்டு மேல உக்காரு. நான் பாத்துக்கிறேன். மேனேஜர் வந்தா மீட்டர் கம்பியைக் கீழே போடுவேன். சத்தம் கேட்டதும் ஒரு கட்டைத் தூக்கிட்டு வா" என்றார். பிறகு அவர் போவார், நாம் காவல் நிற்போம். நான்கு வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒருவர் உட்கார, மற்றவர் காவல்.

பின்னாளில் எத்தனையோ சங்கக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஆனால் ஒற்றுமை என்றால் என்ன என்பதை நாம் முதலில் படித்தது அந்தக் குடோன் வாசலில்தான். அது இரண்டு பேர் சங்கம். சந்தாவும் கிடையாது, ரசீதும் கிடையாது.

நாம் வாய் திறக்காத நாள்

1999 தீபாவளிக்கு முந்திய வாரம். சேலைப் பகுதியில் வேலை செய்த பெண்ணுக்கு ஆறாம் மாதம். இரவு எட்டு மணி இருக்கும். தலை சுற்றி மேஜையைப் பிடித்துக் கொண்டு நின்றார். நண்பர் ஓடிப்போய், துணி எடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். மேனேஜர் வந்து கத்தினார். நண்பர் பணிவாகத்தான் சொன்னார்: "ஆள் இல்லாமத்தானே சார் கிடக்கு. அந்தப் பிள்ளை அஞ்சு நிமிசம் உக்காந்தா பெஞ்சு தேஞ்சிருமா?"

அவருக்கு ஒரு வார சம்பளம் வெட்டு. அந்தப் பெண் தீபாவளியோடு நிறுத்தப்பட்டார். மேனேஜர் நம் பக்கம் திரும்பி, "என்னடா நடந்துச்சு, நீதானே பக்கத்துல நின்னே?" என்று கேட்டார். "நான் கவனிக்கலை சார்" என்றோம். இதைத்தான் அன்று சொன்னோம். இன்று தொழிலாளர் தைரியத்தைப் பற்றி மேடையில் பேசுகிற நாம்தான்.

அன்றிரவு டீக்கடையில் அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவரோ, "நீயும் பேசியிருந்தா ரெண்டு பேர் சம்பளமும் போயிருக்கும். உங்க வீட்டுல உன் காசை எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்கள்ல, விடு" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கொடித் துணி

2002-ல் மில் தொழிலாளர் போராட்டம் ஒன்றுக்குக் கைகொடுக்கப் போனோம். கடை வேலை போயிற்று. கட்சியின் முழுநேர ஊழியரானோம். அவர் கடையிலேயே இருந்தார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அப்பாவின் வைத்தியக் கடன் என்று அவருக்கு நகர இடமில்லை.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் மே தினத்துக்கு முன்னால் கடை அடைத்த பிறகு டீக்கடையில் சந்திப்போம். கக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். கொடிகளுக்கான சிவப்புத் துணி. தம் சம்பளக் கணக்கில் எழுதி எடுத்து வருவார். "வெயில்லயும் மழையிலயும் வெளுக்காத சிவப்பாப் பாத்து எடுத்தேன்" என்பார். மில் வாசல்களில், விவசாயத் தொழிலாளர் குடியிருப்புகளில் நாம் ஏற்றிய கொடிகள் பல அவர் கையால் கிழிபட்ட துணி. மே தினத்தன்று காலை நாம் கொடியேற்றும் நேரத்தில் அவர் கடை திறந்திருக்கும். அவர் நின்று கொண்டிருப்பார்.

ஒரு வருஷம், 2012 என்று நினைவு, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "மில்லுக்குச் சங்கம் இருக்கு. வயக்காட்டுக்குச் சங்கம் இருக்கு. ஆட்டோவுக்கு இருக்கு. எங்க கடைத்தெருவுக்கு எப்ப தம்பி வருவீங்க?"

"வருவோம்ணே" என்றோம். மறுநாள் ஒரு மில் வாசல் கூட்டம், அதற்கு மறுநாள் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை, பிறகு தேர்தல். கடைத்தெருவுக்குப் போகவில்லை. 'சிதறிக் கிடக்கிற தொழிலாளர்கள், பத்துப் பேர் ஒரு கடை, இருபது பேர் ஒரு கடை, இவர்களைத் திரட்டுவது கஷ்டம்' என்று கமிட்டியில் நாமே காரணம் சொன்னோம். கொடித் துணி அவரிடமிருந்து வந்தது. கொடி மட்டும் அவர் கடை வாசலுக்குப் போகவில்லை.

ஃபுட் வால்வு பழுதான கால்

2015 வாக்கில் அவர் கால்களில் நரம்பு சுருண்டு புடைத்துத் தெரிய ஆரம்பித்தது. பழைய வேட்டியைக் கிழித்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றிக் கொண்டு வேலைக்குப் போவார். பிறகு கணுக்காலுக்கு மேல் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நாம்தான் கூட்டிப் போனோம். அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து அதைப் பம்பு போல மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் அந்தப் பம்பு வேலை செய்வதில்லை. ரத்தக் குழாய்க்குள் இருக்கிற வால்வுகள் நாளாக ஆகத் தளர்ந்து போகின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்பக் கீழே இறங்கிவிடுமே, அப்படித்தான். ரத்தம் தேங்கி, குழாய் புடைத்து, தோல் கறுத்து, புண்ணாகிறது. "ரொம்ப நேரம் நிக்காதீங்க. அப்பப்ப உட்கார்ந்து காலை உயர்த்தி வையுங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நண்பர் சிரித்தார். "மாத்திரை எழுதிக் குடுத்தாரு, வாங்கிரலாம். ஸ்டூல் எழுதிக் குடுத்திருக்காரு, அதை எந்தக் கடையில தம்பி வாங்குறது?"

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மை அடிமைப்படுத்தி ஆண்ட வெள்ளைக்காரன் தன் நாட்டுக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு மூன்று பேருக்கு ஒன்று வீதமாவது இருக்கை போட வேண்டும் என்று 1899-ம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினான். அதே வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணத்தில் கடைச் சிப்பந்திக்கு அந்த உரிமை இல்லை.

1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. அது இன்றும் அமலில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. வாரம் ஒருநாள் விடுமுறை. எல்லாம் எழுதியிருக்கிறது. உட்காருவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

மறு வருஷம், 1948-ல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நின்று வேலை செய்கிற தொழிலாளர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று அதன் 44-வது பிரிவு கூறியது. மில் தோழர்களே, உங்கள் மில்லில் அந்த விதி எந்த அளவு நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்பதற்குக் காகிதத்திலாவது ஒரு பிரிவு இருந்தது. கடைச் சிப்பந்தி அதற்காக இன்னும் 73 வருஷம் நிற்க வேண்டியிருந்தது.

வழி காட்டியவர்கள் குமுளிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியும் அவருடைய தோழிகளும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார்கள். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்கார இடம். 2014 டிசம்பரில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் வாசலில் பெண் சிப்பந்திகள் தொடங்கிய போராட்டம் 100 நாளைத் தாண்டியது. முதலாளிகள் ஏளனம் செய்தார்கள். பெண்கள் கலையவில்லை. 2018-ல் கேரள சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை எழுதியது.

அதன் பிறகே தமிழ்நாடு விழித்தது. 2021 செப்டம்பர் 6-ந் தேதி தொழிலாளர் நல அமைச்சர் சி.வி. கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறி, 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுவதும் நின்று கொண்டே இருக்கிற நிலை தவிர்க்கப்பட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் தக்க இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

செய்தி வந்த பத்திரிகையை எடுத்துக் கொண்டு அன்றிரவே டீக்கடைக்கு ஓடினோம். அவர் இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். "சட்டம் வந்துருச்சு. ஸ்டூல் எப்ப வரும்?" என்றார்.

ஸ்டூலின் கதை

ஸ்டூல் வந்தது. 2022-ல் ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அதன் மேல் துணிப் பைக் கட்டுகள் ஏறின. அதிகாரி வந்து எட்டிப் பார்த்தால் ஸ்டூல் இருக்கிறது, சட்டம் நிறைவேறிவிட்டது. சிப்பந்தி பையை இறக்கிவிட்டு உட்காரலாமா? தடையில்லை. யார் உட்கார்ந்தார் என்பதைக் காமிராவில் பார்த்து மறுநாள் கேட்பார்கள். முன்பு மேனேஜருக்குக் கண் இரண்டுதான். மீட்டர் கம்பி விழும் சத்தத்தில் தப்பிவிடலாம். காமிராவிடமிருந்து எப்படித் தப்புவது?

"பை உக்காந்திருக்கு தம்பி, நாங்க நிக்கிறோம்" என்றார் அவர்.

முதலாளிமார் சொல்வது என்ன? 'சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் துணி எடுக்க வருகிறவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்' என்பதுதான். தோழர்களே, துணி எடுக்க வருகிறவர்கள் நீங்கள். உங்களுக்கா மரியாதை குறைகிறது? பண்ணையார் திண்ணைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு நின்ற கதை உங்கள் பாட்டன் கதை. 1940-களில் தஞ்சையில் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடி எழுந்து, சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழித்தது. கூலி நெல்லுக்காக மட்டும் நடந்த போராட்டமா அது? நிமிர்ந்து நிற்பதற்கும் சமமாக உட்காருவதற்கும் நடந்த போராட்டம். இன்று உங்கள் பெயரைச் சொல்லி, உங்களுக்கு மரியாதை என்று சொல்லி, இன்னொரு உழைப்பாளியை நிற்க வைக்கிறார்கள். இதை நீங்கள் ஒப்புக் கொள்ளலாமா?

சின்னக் கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. மனைவியும் ஒரு பையனும் துணைக்கு நிற்க, தானும் நின்று வியாபாரம் செய்கிறவர் நம் பகைவரல்ல. பெரிய கடைகளாலும் செல்போன் வியாபாரத்தாலும் அவரே நசுங்கிக் கொண்டிருக்கிறார். நாம் பேசுவது நாலு மாடி, ஐந்து மாடி எழுப்பி, லிஃப்ட் போட்டு, குளிர்சாதனம் வைத்து, ஒரு நாற்காலிக்கு மட்டும் இடமில்லை என்கிறவர்களைப் பற்றி. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019-ல் சர்க்கார் அனுமதி கொடுத்தது. 2022-ல் அதை நீட்டித்தது. கட்டிடத்துக்குத் தூக்கம் தேவையில்லை. மனிதனுக்குத் தேவையல்லவா?

27 வருஷத்தின் விலை

நின்றதனால்தான் அவர் செத்தார் என்று நாம் எழுதப் போவதில்லை. மாரடைப்புக்குப் பல காரணம் உண்டு. தெரியாததைச் சொல்ல மாட்டோம். தெரிந்த கணக்கை மட்டும் சொல்கிறோம்.

சட்டம் 8 மணி நேரம் என்றது. அவர் 12 மணி நேரம் நின்றார். நாளொன்றுக்கு 4 மணி அதிகம். வருஷத்துக்கு 340 நாள் என்று வைத்தால், 27 வருஷத்தில் 36,720 மணி நேரம். 8 மணி நேர நாளாக மாற்றினால் 4,590 நாள், பன்னிரண்டரை வருஷம். இந்தப் பன்னிரண்டரை வருஷ உழைப்புக்கு இரட்டிப்புக் கூலி வரவில்லை. ஒற்றைக் கூலியும் வரவில்லை. உபரி உழைப்பு என்று மார்க்ஸ் எழுதியது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி என்று யாராவது நினைத்தால், தேனி கடைத்தெருவுக்கு வந்து இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

சாவு வீட்டுக்குக் கடையிலிருந்து ஒரு மாலையும் 25,000 ரூபாயும் வந்தன. 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிய காகிதத்தில் அவர் மனைவியிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நல்ல வேளை, நாம் அங்கே இருந்தோம். கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொன்னோம்.

தோழர்களே, இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்காகவும் குறித்துக் கொள்ளுங்கள். அவர் இறந்தபோது அமலில் இருந்தது 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்த கடைகளுக்கும் அது பொருந்தியது. முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. ஐந்து வருஷம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சாவு நேர்ந்தால் கிடையாது. அவருடைய கடைசி மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,923 ரூபாய். 27 வருஷத்துக்கு 1,86,923 ரூபாய். அந்தக் குடும்பத்தின் நியாயமான பாக்கி இது. யாருடைய தயவும் அல்ல.

முதலாளி தரப்பு என்ன சொல்கிறது? 'கடை 2015-ல்தான் மகன்கள் பெயரில் புது போர்டோடு தொடங்கியது; அதற்கு முந்திய சர்வீஸ் எங்களுக்குத் தெரியாது' என்கிறார்கள். போர்டு மாறியது, மேஜை மாறவில்லை, ஆள் மாறவில்லை, வேலை ஒருநாளும் நிற்கவில்லை. போர்டு மாறினால் தொழிலாளியின் சர்வீஸ் அறுந்துவிடுமா? மனு போட்டிருக்கிறோம். அவர் 1997-லிருந்தே வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். 1998 முதல் பக்கத்தில் நின்றவர்கள் நாம். சாட்சி சொல்லப் போகிறோம். 1999-ல் 'நான் கவனிக்கலை சார்' என்று சொன்ன வாய், இந்த முறை கவனித்ததைச் சொல்லும்.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் இருந்தும் ஸ்டூலில் பை உட்கார்ந்திருந்தது ஏன்? அந்தப் பையை இறக்கி வைத்து, 'நாங்கள் உட்காருவோம்' என்று சொல்ல அந்தக் கடையில் சங்கம் இல்லை. கேரளத்தில் போராட்டம் முதலில் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் முதலில் வந்துவிட்டது, போராட்டம் இன்னும் வரவில்லை. சங்கம் இல்லாத இடத்தில் சட்டம் சுவரில் ஒட்டிய காகிதம்தான்.

சங்கத்தின் பலம் என்ன என்பதை 2023-ல் பார்த்தோம். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த நாளில் நாமெல்லாம் வெற்றி கொண்டாடினோம். அன்றும் நம் நண்பர் 12 மணி நேரம் நின்று கொண்டிருந்தார். எந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை மில்லுக்குள் நுழையவிடாமல் தடுத்தோமோ, அதே பன்னிரண்டு மணி நேரம் கடைத்தெருவில் பல காலமாகக் குடியிருந்தது. நமக்கு அது தெரிந்துதான் இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலாக்கியிருக்கிறது. தொழிற்சாலைச் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. பழைய உரிமைகளைக் காப்பதற்கே பெரும் போராட்டம் வேண்டியிருக்கிற காலம் இது. மில் தொழிலாளி தனியாகவும், வயல் தொழிலாளி தனியாகவும், கடைச் சிப்பந்தி அனாதையாகவும் நின்று இதைச் சந்திக்க முடியுமா? மில் தொழிலாளியின் மகள் கடையில் நிற்கிறாள். விவசாயத் தொழிலாளியின் மகன் கடையில் மூட்டை தூக்குகிறான். மில்லில் விடுதி வைத்துப் பெண்களை அடைக்கிற வித்தையும், கடை மாடியில் பையன்களைத் தங்க வைத்து நடுநிசி வரை வேலை வாங்குகிற வித்தையும் ஒன்றுதான். 'வெள்ளைச் சட்டை போட்டவன், அவனுக்கென்ன' என்று நாம் நினைத்தோமே, அந்தச் சட்டையும் கடையில் கடனுக்கு எடுத்ததுதான்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. மில் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் தங்கள் உறுப்பினர் வீடுகளிலிருந்து கடை வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலை முதலில் எடுக்க வேண்டும். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைத்தெருக்களில் இரவு கடை அடைத்த பிறகு கூட்டம் போட வேண்டும். பகலில் அவர்களால் வர முடியாது. நாம்தான் தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் ஒவ்வொரு சிப்பந்தியும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, கடை பெயர் போட்ட எந்தக் காகிதமானாலும் பத்திரப்படுத்த வேண்டும். நம் நண்பர் அதைச் செய்யவில்லை. செய்யும்படி நாம் சொல்லவும் இல்லை.

நீங்கள் துணி எடுக்கப் போகும்போது மேஜைக்குப் பின்னால் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? அதில் பை இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா? பை இருந்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: "இவுங்க உக்கார இடம் எங்கேண்ணே?" நூறு பேர் கேட்டால் பை இறங்கும். சிப்பந்தி கேட்டால் வேலை போகும். நீங்கள் கேட்டால் யாரும் உங்களை நிறுத்த முடியாது.

அவருடைய கடைசிப் பொட்டலம் 2024 மே தினத்துக்குக் கொடுத்தது. அந்தத் துணியில் தைத்த கொடிகளில் ஒன்று நம் ஆபீசில் இருக்கிறது. வெளுக்கவில்லை. வருகிற மே தினத்தன்று அதை மில் வாசலில் ஏற்றப் போவதில்லை. அவர் 27 வருஷம் நின்ற அந்தக் கடைத்தெரு முனையில் ஏற்றப் போகிறோம். கடைச் சிப்பந்திகள் பத்துப் பேர் வந்தாலும் போதும். அவர்களுக்குத் துணையாக மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்து நிற்க வேண்டும்.

"எப்ப தம்பி வருவீங்க?" என்று அவர் கேட்டார். காலம் கடந்துவிட்டது. ஆனாலும் வருகிறோம், அண்ணே!